சின்ன சிப்புக்கு யாரும் சோதனை வைக்கவில்லை

குத்தாலம்
21.1.2002

தம்பி கிளாட்சனுக்கு அக்கா ஜூலியட் எழுதுவது.

போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு வருத்தமாம், உன் வீட்டுக்காரி சுவேதா சொன்னாள். இங்கே போன் பூத் வைத்திருப்பவன் மில் முதலாளியின் மைத்துனன். அவனை எதிரில் வைத்துக்கொண்டு நான் என்ன பேசட்டும்? அதனால்தான் எழுதுகிறேன். ஜெர்மனிக்குக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ, ஆகட்டும்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி மத்தியானம், மில் பாய்லர் வெடித்தது. சுவர் அப்படியே களத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பிரகதாம்பாள் அதன் அடியில் போய்விட்டாள். உனக்குத் தெரியும் அவளை, டிராக்டர் ஓட்டும் இளையபெருமாளின் பெண்சாதி. எங்கள் தெருக்கோடி வீடு. உன் அத்தான் வெளியே உமிக் குவியல் பக்கம் இருந்ததால் உயிரோடு இருக்கிறார். இரண்டு கையும் வெந்துவிட்டன. மண்டையில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்து பாய்லர் பக்கம் போய்ப் பார்த்தது வரைதான் ஞாபகம் இருக்கிறதாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பாய்லரில் தண்ணீர் வற்றிப்போய் வெடித்தது என்கிறார்கள். பாய்லர்காரன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் உன் அத்தான்தானே, வழக்கும் அவர் பேரில்தான் போட்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம் மழையில் நனைந்த நெல் முளைவிட ஆரம்பித்துவிட்டது. அதனால் டிசம்பர் நடுவில் மூட்டிய அடுப்பை அணைக்கவே இல்லை. இரண்டு ஆள் மாறி மாறி அவித்துத் தள்ளினார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட இவர் வரவில்லை. அசதி இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பச்சை விளக்குதான எரிஞ்சுது, ஜூலி. தண்ணி இருந்துச்சே."

அந்த விளக்கு உங்கள் கம்பெனிப் பெட்டியில் இருப்பது. தண்ணீர் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு, மோட்டாரும் தானாக ஓடும் என்று நீதான் வந்து விளக்கினாய். என் மச்சான் செய்தது என்று முதலாளியிடம் மன்றாடி இவர்தான் அதை வாங்க வைத்தார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கு பொய் சொல்லுமா? சொல்லும், சொல்லாது, இரண்டில் ஒன்று எழுது.

ஜூலியட்

*

நியூரம்பெர்க்
30.1.2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். வீசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறேன், கையில் இல்லை. இதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். சொல்லாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றும் சொல்கிறேன். பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதில் ஓடும் புரோகிராமை நாங்கள் எழுதுகிறோம். யாராவது ஒரு வரியை மாற்றினாலும் அன்று மாலையே முழுப் புரோகிராமையும் மறுபடி கட்டி, சிப் பொருத்திய போர்டில் ஏற்றி, விடிய விடியச் சோதனை ஓட்டுவோம். தண்ணீர் குறைந்தால் சிவப்பு வருகிறதா, தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் கம்பி அறுந்தால் சிவப்பு வருகிறதா, மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது, கடிகாரத்தை முன்தள்ளி வைத்து மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகிறது, எல்லாம் பார்ப்போம். ஒன்று தவறினாலும் பெட்டி வாசலைத் தாண்டாது. எந்த சிப்புக்கு எந்தச் சோதனை என்று முடிவு செய்வதே இப்போது நான்தான். என்னை இங்கே அனுப்பியதும் அதற்காகத்தான்.

அத்தானைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரவு பகலாக உழைத்த மனுஷன். சாப்பிட்ட வேளையில் ஒரு நிமிஷம் கண் அசந்திருக்கலாம். யாருக்கும் வரக்கூடியதுதான். அதற்காக அவரை யாரும் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது.

நல்ல வக்கீலாகப் பார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி
கிளாட்சன்

*

குத்தாலம்
12.2.2002

கிளாட்சனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்து வீட்டு சஃபியா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து கொடுத்தாள். தம்பி என்ன எழுதியிருக்கிறான், படி படி என்று இவர் விடவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதலில் மனதுக்குள் படித்துப் பார்த்திருக்கலாம். உரக்கப் படித்துவிட்டேன்.

"கண் அசந்திருக்கலாம்" என்ற இடம் வந்ததும், திரும்பப் படி என்றார். படித்தேன். பிறகு சொன்னார்: "மச்சானே சொல்லிட்டான்னா அப்படித்தான் இருக்கும். அவனுக்குத் தெரியாததா? எனக்குத்தான் ஞாபகம் இல்லயே. தூங்கித்தான் இருக்கணும்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். நான் எவ்வளவோ ஜாடை காட்டினேன். "நான்தாங்க கண் அசந்துட்டேன். அந்தப் பொம்பளை என்னாலதாங்க செத்துச்சு" என்று சொல்லிவிட்டார். கைக்கட்டோடு ரேகை வைக்க முடியாது என்று கால் பெருவிரலில் மை தடவி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் உன்னிடம் கேட்டது விளக்கைப் பற்றி. நீ பதில் சொன்னது தூக்கத்தைப் பற்றி. அதை யார் கேட்டார்கள் உன்னிடம்?

பிரகதாம்பாளின் மகள் எங்கள் சத்துணவுக் கூடத்தில்தான் சாப்பிடுகிறாள். இப்போது தட்டை நீட்டும்போது என் வரிசைக்கு வருவதில்லை. ஆயாவின் வரிசையில் நிற்கிறாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். நீ பார்த்தது போதும்.

ஜூலியட்

*

நியூரம்பெர்க்
24.3.2002

அக்கா,

இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்தபின் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். டிசம்பர் நடுவில் மூட்டிய அடுப்பை அணைக்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். முதலில் அதை மழைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விட்டேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டு என் கண் நகரவில்லை.

எங்கள் பெட்டி மூன்று வகை சிப்பில் போகிறது. இங்கே விற்பதில் பெரிய சிப். உங்கள் பக்கத்து மில்களுக்கு விலை குறைவாக இருக்கட்டும் என்று சின்ன சிப். புரோகிராம் ஒன்றேதான், சிப்புக்குத் தகுந்தபடி கட்டிக்கொடுப்போம். தினசரிச் சோதனை ஓடியது பெரிய சிப்பில் மட்டும். சின்னதற்குப் புரோகிராம் பிழையில்லாமல் கட்டப்பட்டால் போதும் என்று விடப்பட்டிருந்தது. போர்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கப்படவில்லை.

நான் ஒரு சின்ன சிப் போர்டை எடுத்து, அதே பழைய புரோகிராமை ஏற்றி, நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றுமில்லை. கம்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் உடனே சிவப்பு. மூன்று வாரம் தாண்டி ஒரு நாள் காலை கம்பியை எடுத்தேன். பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

வீட்டுக் கரண்ட் மீட்டரில் எண்கள் கடைசிவரை ஓடி மறுபடி சுழியத்துக்கு வருமே, அது போலத்தான். பெட்டி நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். பெரிய சிப்பில் அந்த எண்ணுக்கு இடம் நிறைய. சின்னதில் மூன்றரை வாரத்தில் இடம் தீர்ந்து எண் தலைகீழாகிறது. அடுத்த தடவை தண்ணீரைப் பார்க்க இன்னும் நேரம் வரவில்லை என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. அப்புறம் அது பார்ப்பதே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது என்ன விளக்கோ அதையே காட்டிக்கொண்டிருக்கும், மோட்டாரையும் ஓட்டாது. நடுவில் கரண்ட் போனால் பெட்டியைத் தாங்க அதில் ஒரு பேட்டரி உண்டு. மற்ற மில்களில் சாயங்காலம் அடுப்பை அணைத்து, மெயினோடு அந்தப் பேட்டரியையும் அணைப்பார்கள். மறுநாள் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

அத்தான் தூங்கவில்லை அக்கா. இதை அவரிடம் படித்துக் காட்டு. இந்த வரியை மட்டுமாவது படி.

மேலே இருப்பவர்களிடம் அன்றே சொல்லிவிட்டேன். நான் நினைத்ததைவிட வேகமாகக் காரியம் நடந்தது. இப்போது மூன்று சிப்புக்கும் தனித்தனியாகக் கட்டி, மூன்றிலும் எல்லாச் சோதனையும் ஓடுகிறது. புது புரோகிராம் ஏற்றிய பெட்டிகள் எங்கள் பெங்களூர் ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டன. மன்னார்குடி, கும்பகோணம், குத்தாலம், எங்கெல்லாம் சின்ன சிப் இருக்கிறதோ அங்கெல்லாம் சர்வீஸ் ஆள் வந்து மாற்றிவிடுவார். இனிமேல் எந்தக் களத்திலும் எந்தப் பெண்ணும் இப்படிச் சாக மாட்டாள். கோர்ட்டுக்கு ஒரு கடிதமும் கேட்டிருக்கிறேன். பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

கிளாட்சன்

*

குத்தாலம்
20.4.2002

கிளாட்சனுக்கு,

உன் சர்வீஸ் ஆள் வந்துவிட்டுப் போனார். நல்ல பையன், மரியாதையாகப் பேசினாராம்.

பாய்லர் அறையின் மூன்று சுவர் இடிந்தும், உங்கள் பெட்டி மாட்டியிருந்த நாலாவது சுவர் அப்படியே நின்றது. போலீஸ்காரர்கள் அதை எடுத்துப் போகவில்லை. அவர்களுக்கு அது ஏதோ ஸ்விட்ச் பெட்டி. எங்கள் வக்கீல் அதைக் கோர்ட்டில் கேட்டு வாங்கிச் சோதிக்கச் சொல்லலாம் என்று மனு எழுதிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து நின்றார். "அம்மா, அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு?" என்றார்.

மில்லுக்கு ஓடினேன். புது பாய்லருக்குப் பக்கத்தில் புதுப் பெட்டி பளபளவென்று இருக்கிறது. பழையதை அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் பையன் ஒரு சாக்கில் போட்டு எடுத்துப் போய்விட்டாராம். முதலாளி, சனியன் ஒழிந்தது என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் உங்கள் கம்பெனியிலிருந்து கோர்ட்டுக்குக் கடிதமும் வந்தது. குத்தாலம் பெட்டியைப் பரிசோதித்தோம், எல்லா வகையிலும் சரியாக வேலை செய்கிறது என்று. எந்தப் புரோகிராமை ஏற்றிப் பரிசோதித்தார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

கெடுதல் செய்ய நினைத்து நீ இதைச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. எதிரி என்றால் வாய்விட்டுச் சபித்துவிட்டுப் போய்விடலாம். எல்லா மில்லையும் காப்பாற்றிவிட்டாய். இந்த ஊரில் ஒரே ஒருத்தரைத்தான் தூங்கினவராகவே விட்டுவிட்டாய்.

அவரை ஜாமீனில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் ஆகிறது. விரல்கள் மடங்குவதில்லை. நான்தான் ஊட்டுகிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார், கிளாட்சன். வெடித்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "நல்ல பையன். நம்ம மேல உள்ள பாசத்துல இப்படி எழுதுறான். மொத எழுதுனதுதான் நெசம். அப்ப அவனுக்கு யோசிக்க நேரம் இல்ல" என்றார்.

நீ எத்தனை கடிதம் எழுதினாலும் இனி அவர் நம்பமாட்டார். ஜூலையில் வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்கிறார்.

ஜூலியட்

*

நியூரம்பெர்க்
5.5.2002

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

திரும்பி வந்த பழைய பெட்டிகளில் எல்லாம் பெங்களூரிலேயே புது புரோகிராம் ஏற்றிவிட்டார்கள். ஒன்றும் மிச்சமில்லை. மாற்றுவதற்கு முன் அந்த ஒன்றையாவது எடுத்து வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் இந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டது. அந்த அவசரத்தில் உன்னையும் அத்தானையும் மறந்தேன். உண்மையில் மறந்தேன்.

கோர்ட்டில் வந்து நிற்கட்டுமா என்று கேட்டேன். நின்றால் திரும்பி வரவேண்டியதில்லை என்றார்கள். ஆகஸ்டில் சுவேதாவுக்குப் பிரசவம். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே சொல்கிறேன் என்றும் தெரிகிறது.

நான் ஓட்டிப் பார்த்த போர்டு என் மேஜையில் இருந்தது. பழைய புரோகிராம், யாரும் கை வைக்காதது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எல்வின் என்று நம் பக்கத்துப் பையன் லீவில் ஊருக்கு வருகிறான், அவன் உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பான். இரண்டு விளக்கு, இரண்டு கம்பி, அவ்வளவுதான். கம்பிகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஓடவிடு. தினமும் ஒரு தடவை கம்பியை வெளியே எடு, சிவப்பு வரும். மறுபடி போடு. மூன்றரை வாரம் நிறுத்தக் கூடாது. மில் பெட்டி மாதிரி இதில் பேட்டரி கிடையாது, நடுவில் ஒரு வினாடி மின்சாரம் போனாலும் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். கடிகாரத்தை முன்தள்ளி வைத்து அனுப்பியிருப்பேன். ஆனால் அப்போது அதையும் நான் பாசத்தில் செய்த வேலை என்பார் அத்தான். அதுவாக ஓடட்டும். அவர் கண்ணால் பார்க்கட்டும்.

கிளாட்சன்

*

குத்தாலம்
10.6.2002

கிளாட்சனுக்கு,

எல்வின் கொடுத்துவிட்டுப் போனார். மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். பதினோராம் நாள் கரண்ட் போனது. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நிறுத்தாமல் ஓட்டு என்று எழுதுவது சுலபம். குத்தாலத்தில் கோடை எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டாய்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இளையபெருமாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. "உங்க பொண்டாட்டி எப்படிச் செத்தாங்கன்னு தெரியணும்னா ஒரு டிராக்டர் பேட்டரி வேணும்" என்றேன். கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்படியில் பேட்டரி இருந்தது. சார்ஜ் இறங்க இறங்க அவரே இன்னொன்றைக் கொண்டுவந்து, முதலாவதைக் கழற்றும் முன்பே இரண்டாவதை மாட்டிவிட்டுப் போகிறார். எங்கள் யாரிடமும் பேசுவதில்லை. பச்சை விளக்கைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், போய்விடுவார்.

ஜூலியட்

*

குத்தாலம்
30.6.2002

கிளாட்சனுக்கு,

மூன்றரை வாரம் நேற்றோடு தாண்டியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் இளையபெருமாளுக்குச் சொல்லி அனுப்பினேன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் மாற்றி, துக்க வீட்டுக்கு வருவது போல வந்தார்.

இத்தனை நாளும் கம்பியை எடுத்தவள் நான். எடுத்தால் சிவப்பு, போட்டால் பச்சை, ஒரு நாள்கூடத் தவறவில்லை. உன் அத்தான் தினமும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இன்று அவரை எழுப்பி உட்கார வைத்தேன். நீங்களே எடுங்க என்றேன். மடங்காத விரல்களுக்கு நடுவில் கம்பியை இடுக்கி, டம்ளரிலிருந்து வெளியே எடுத்தார். தண்ணீர் சொட்டியது.

பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

அவர் கம்பியைத் துண்டால் துடைத்தார். டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினார். பச்சை அசையவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் எரிஞ்சுது. நான் இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இது வந்தப்புறம் தண்ணி மட்டம் தெரியிற கண்ணாடிக் குழாயத் தொடைக்கறதக்கூட விட்டுட்டேன். மச்சான் செஞ்சதாச்சேன்னு இதைத்தான் தெனமும் தொடைப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஆறு மாதமாக உள்ளே வைத்திருந்த அழுகை. வெந்த கையால் முகத்தை மூடக்கூட முடியவில்லை அவரால்.

இளையபெருமாள் கிட்டே வந்தார். கம்பியை வாங்கி, தரையில் கிடந்த தண்ணீரில் ஒரு தடவை வைத்து எடுத்தார். மறுபடி வைத்து எடுத்தார். எத்தனை தடவை செய்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் குழந்தை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தாள்.

வக்கீலிடம் சொன்னேன். கம்பெனியிலிருந்து யாராவது வந்து, இது எங்கள் போர்டுதான், இதுதான் அன்றைக்கு மில்லில் ஓடிய புரோகிராம் என்று சத்தியம் செய்யாமல் இதைக் கோர்ட்டில் வைத்தால் விளையாட்டுச் சாமான் என்பார்களாம். வாய்தா ஜூலை பத்தொன்பது. உன் அத்தான் இனி ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அவர் கால்ரேகை வைத்த வாக்குமூலம் அங்கே இருக்கிறது. நீ வராவிட்டால் அதுதான் பேசும்.

உன்னை வா என்று நான் கேட்கவில்லை. சுவேதாவுக்குப் பிரசவம். வேலை போனால் நீங்கள் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இளையபெருமாள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு உன் அத்தானைப் பார்த்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மதலைமுத்து, நீ தூங்கல. சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப யாரும்மா தூங்குனது?"

கிளாட்சன், எந்த சிப்புக்கு எந்தச் சோதனை என்று முடிவு செய்வது யார் என்று உன் முதல் கடிதத்தில் இருக்கிறது. அது என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துப் படித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

இளையபெருமாள் இன்னும் போகவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா
ஜூலியட்